கோழிக் குடலில் ஓம எண்ணெய்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரை சேர்ந்ததும் வலையிலிருந்து கொட்டப்படும் மீன்கள் எல்லாமே ஏலத்துக்குப் போவதில்லை. வஞ்சிரமும் வவ்வாலும் இறாலும் பிரிக்கப்பட்ட பின், பொடிமீனும் நசுங்கிய மீனுமாக ஒரு குவியல் மிஞ்சும். ‘கழிசல்’ என்பது அதற்குப் பெயர். வெயிலில் காய வைத்து மூட்டை கட்டப்படும் இந்தக் கழிசல் எங்கே போகிறது என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? அதில் ஒரு பங்கு தீவன ஆலைகளுக்குப் போய்க் கருவாட்டுத் தூளாகிறது. மக்காச்சோளத்தோடும் சோயாப் புண்ணாக்கோடும் கலந்து கோழித் தீவனமாகிறது. பல்லடம், நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் அதைத் தின்று வளரும் கோழி, சில வாரங்களில் லாரி ஏறி, ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் கறிக்கடைச் சரக்காக வந்து சேர்கிறது.

ஆக, நம் கடற்கரையில் காய்ந்த மீன் கோழியின் குடல் வழியே நம் தட்டுக்குத் திரும்பி வருகிறது. இந்தப் பயணத்தின் நடுவில் உள்ள அந்தக் குடலைப் பற்றித்தான் இக்கட்டுரை. இயற்பியல் ஆசிரியனுக்குக் கோழிக் குடலில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். சற்றுப் பொறுங்கள், மின்னழுத்தமும் கரைதிறனும் ஆவியாதலும் அங்கேயும் வேலை செய்கின்றன.

ஐந்தே வாரத்தில் ஐம்பது மடங்கு

பிராய்லர் எனப்படும் கறிக்கோழிக் குஞ்சு, முட்டையிலிருந்து வெளிவரும்போது சுமார் 40 கிராம் எடை இருக்கும். ஐந்தாறு வாரங்களில் அது இரண்டு கிலோவை எட்டிவிடுகிறது. அதாவது ஐம்பது மடங்கு! இது ஊசி போட்டு ஊதவைத்த உடம்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. தலைமுறை தலைமுறையாக வேகமாக வளரும் கோழிகளையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததன் பலன் அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த மூன்று கோழி வகைகளை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்து, 2014-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் 1957-ஆம் ஆண்டு வகை 905 கிராம். 1978-ஆம் ஆண்டு வகை 1,808 கிராம். 2005-ஆம் ஆண்டு வகையோ 4,202 கிராம். தீவனம் ஒன்றே, மாறியது பரம்பரை.

இவ்வளவு வேகமாக வளரும் உடலுக்கு உணவைச் சேர்க்க வேண்டியது குடல். சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பான குழாய் அன்று. விரல் போலவும் இலை போலவும் நுண்ணிய நீட்சிகள் அதில் நெருங்கி நிற்கின்றன. இவையே குடலுறிஞ்சிகள். இவற்றின் பயனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் 20 உறிஞ்சிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் உயரமும் 0.1 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட உருளை என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் உருளையின் பக்கப் பரப்பு 0.314 சதுர மில்லிமீட்டர். இருபதுக்கும் சேர்த்து 6.28. அடித்தளத்தையும் கூட்டினால், ஒரு சதுர மில்லிமீட்டர் ஏழு சதுர மில்லிமீட்டராகப் பெருகிவிடுகிறது. நோயால் உறிஞ்சிகள் பாதி உயரத்துக்குத் தேய்ந்தால் ஏழு நான்காகக் குறையும். கோழி அதே அளவு தின்னும். உடம்பில் ஒட்டுவதோ குறையும்.

குடலுக்குள் கோழி தனியாகவும் இல்லை. கோடானுகோடி பாக்டீரியாக்கள் அங்கே குடியிருக்கின்றன. அவற்றில் பல நன்மை செய்பவை. சில சமயம் பார்த்துக் கழுத்தை அறுப்பவை. அத்தகைய ஒன்று கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ். மண்ணிலும் கூளத்திலும் நலமான கோழியின் குடலிலும்கூட இது கொஞ்சம் இருக்கும். இரத்தக் கழிச்சல் நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி குடல் சுவரைப் புண்ணாக்கினாலோ, செரிக்காத புரதம் குடலின் கீழ்ப்பகுதிக்கு வந்து சேர்ந்தாலோ, இதற்குக் கொண்டாட்டம். கட்டுக்கடங்காமல் பெருகி, நச்சுப் புரதத்தைச் சுரந்து, குடல் சுவரையே அழுகச் செய்துவிடும். 2008-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ‘நெட்-பி’ என்ற அந்த நச்சை அடையாளம் கண்டார்கள். மீன் தூள் மிகுந்த தீவனம் இந்நோய்க்கு வழி திறந்துவிடும் என்பது ஆய்வாளர்களுக்கு நன்கு தெரியும். ஆய்வுக்கூடத்தில் இந்நோயை வேண்டுமென்றே உண்டாக்க அவர்கள் கையாளும் வழிகளுள் அதுவும் ஒன்று. ஆகவே, காசிமேட்டுக் கழிசல் நல்ல புரதம்தான். ஆனால் அளவு மீறினால் கோழிக் குடலுக்கு அது வினை.

மருந்து தீவனமான கதை

இந்தச் சிக்கலுக்கு உலகம் முதலில் கண்ட விடை நுண்ணுயிர்க்கொல்லி, அதாவது ஆன்டிபயாடிக். அந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற எல்லாப்ரகட சுப்பாராவ் பின்னர் லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவரானார். அவர் தலைமையில் நடந்த தேடலில்தான் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலார் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்தைக் கண்டெடுத்தார். அது 1948-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

அதே கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக் குஞ்சுகளின் ஊட்டத்தை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். வைட்டமின் பி-12 கிடைக்குமே என்று, மருந்து எடுத்தபின் மிஞ்சிய சக்கையைத் தீவனத்தில் கலந்தார்கள். குஞ்சுகள் வைட்டமினால் வளரக்கூடிய அளவையும் தாண்டி வளர்ந்தன. சக்கையில் எஞ்சியிருந்த மருந்தே காரணம் என்று 1950-ஆம் ஆண்டில் தெரியவந்தது. நோய்க்கு மருந்தாகப் பிறந்தது, அன்று முதல் வளர்ச்சிக்குத் தீவனமாயிற்று. உலகெங்கும் பண்ணைகளில் நோயில்லாத கோழிக்கும் நாள்தோறும் சிறிதளவு மருந்து கொடுக்கும் வழக்கம் பரவியது.

இதில் என்ன தீங்கு? ஒரு கோடி பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்கும் ஒன்று தற்செயலாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் சிறிதளவு மருந்து வந்தால், மற்றவை ஒடுங்கிப்போக, இடமும் உணவும் அந்த ஒன்றின் சந்ததிக்கே கிடைக்கும். அதோடு நிற்பதில்லை. மருந்தைத் தாங்கும் மரபணுவைப் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளவும் வல்லவை. கோழிக் குடலில் தேர்ந்த வித்தை, எச்சம் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் இறைச்சி வெட்டும் பலகை வழியாகவும் மனிதரைத் தாக்கும் கிருமிக்கு வந்து சேரலாம். அப்போது ஸ்டான்லி மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு அதே மருந்து பலிக்காமல் போகும். கோழியின் எடையில் சில கிராம் கூடுவதற்காக, மனித உயிரைக் காக்கும் மருந்தை மழுங்கடிப்பது நியாயமா? கேள்வி இதுதான்.

ஸ்வீடன் 1986-ஆம் ஆண்டில் இவ்வழக்கத்தைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதல் நாளிலிருந்து, வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி கலப்பது நின்றது. நம் நாட்டில், 2012 ஆகஸ்டில் மருத்துவர் சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடி வகுத்த திட்டம் ‘சென்னைப் பிரகடனம்’ என்று பெயர் பெற்றது. மருந்துகள் பலனிழந்து வரும் ஆபத்தை அது நாட்டுக்கு எடுத்துரைத்தது. மற்ற மருந்துகள் கைவிட்டபின் கடைசிப் புகலாக மருத்துவர்கள் நாடும் கோலிஸ்டின் மருந்தை, உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் அவற்றின் தீவனத்துக்கும் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. கோலிஸ்டினையும் தாங்கும் மரபணு ஒன்று பண்ணை விலங்குகளில் பரவியிருப்பதை 2015-ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர்கள் அறிவித்திருந்தார்கள்.

மருந்தை நிறுத்தினால் கோழிகள் என்னவாகும்? டென்மார்க் பண்ணையாளர்கள் 1998-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாமாகவே நிறுத்திப் பார்த்தார்கள். கோழி உற்பத்தி சரியவில்லை. ஒரு கிலோ எடை கூடுவதற்குத் தேவையான தீவனம் மட்டும் சுமார் 16 கிராம் அதிகமாயிற்று. அங்கே அவோபார்சின் என்ற மருந்து 1995-ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டபோது, கோழிகளிலிருந்து எடுத்த ஒரு வகைக் குடல் பாக்டீரியாவில் 70 விழுக்காட்டுக்கும் மேல் அதன் இன மருந்தான வான்கோமைசினைத் தாங்குபவையாக இருந்தன. 2000-ஆம் ஆண்டில் அது 6 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. தவறிய வழியிலிருந்து திரும்பி வர முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனாலும் அந்த 16 கிராம் பண்ணைக்காரருக்குப் பணம். குடல் நோய் வந்தால் இழப்பு இன்னும் பெரிது. ஆகவே மருந்துக்கு மாற்றாக ஒன்றைத் தேடினார்கள். அப்போது கண்ணில் பட்டவை நம் அஞ்சறைப்பெட்டிச் சரக்குகள்.

இரண்டு வகை எண்ணெய்கள்

‘தாவர எண்ணெய்’ என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான இரண்டு பொருள்களைச் சொல்கிறோம். சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பாமாயிலும், நம் வீட்டு நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஒரு வகை. இவை கொழுப்புகள், தீவனத்தில் முக்கியமாக ஆற்றலுக்காகச் சேர்க்கப்படுபவை. ஓமம், கிராம்பு, பட்டை ஆகியவற்றிலிருந்து நீராவியால் வடித்தெடுக்கும் வாசனை எண்ணெய்கள் மற்றொரு வகை. இவை எளிதில் ஆவியாகுபவை. ஒரு தாளில் தேங்காய் எண்ணெய் ஒரு துளியும், பக்கத்தில் கிராம்புத் தைலம் ஒரு துளியும் விட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய்க் கறை நாள்கணக்கில் நிற்கும். தைலத்தின் கறை மெல்ல மெல்ல மறையும். தைலத்தில் கலப்படம் உண்டா என்று பார்க்கவும் இந்தச் சோதனை உதவும்.

கோழிக் குடலைக் காக்க ஆராயப்படுபவை பெரும்பாலும் இரண்டாம் வகை. ஓம எண்ணெயில் ஏறத்தாழ 35 முதல் 60 விழுக்காடு வரை தைமால் என்ற பொருள் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு முன்பு இந்திய ஓமம் ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமாலாகப் பிரிக்கப்பட்டு உலகெங்கும் கிருமிநாசினியாக விற்பனையானது. வயிற்று உப்புசத்துக்குப் பாட்டி கொடுக்கும் ஓமத் தண்ணீரின் மணமும் காரமும் இதனுடையவையே. தைமாலின் இரட்டைப் பிறவி போன்றது கார்வக்ரால். இரண்டிலும் அணுக்கள் ஒன்றே, ஓர் ஆக்சிஜன் தொகுதி உட்கார்ந்திருக்கும் இடம் மட்டுமே வேறு. வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியை ‘ஓமவல்லி’ என்றும் சொல்கிறோம் அல்லவா? பெயர் வைத்தவரின் மூக்கு பொய் சொல்லவில்லை. அதன் எண்ணெயிலும் இவ்விரு பொருள்களே சிறப்பிடம் பெறுகின்றன. கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிஹைடு ஆகியவை இதே குடும்பத்துப் பணியாளர்கள்.

முதல் வகையிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அது கிளிசராலுடன் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்த மோனோலாரின் என்ற பொருள், கிளாஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாக்களை ஒடுக்க வல்லது.

மூன்று கோடி வோல்ட் சுவர்

வாசனை எண்ணெய் பாக்டீரியாவை என்ன செய்கிறது? இங்கேதான் இயற்பியல் உள்ளே நுழைகிறது.

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு மென்சவ்வு இருக்கிறது. அது கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. தடிமன் சுமார் 5 நானோமீட்டர், அதாவது ஒரு மீட்டரில் இருபது கோடியில் ஒரு பங்கு. பாக்டீரியா புரோட்டான்களை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால், சவ்வின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே சுமார் 0.15 வோல்ட் மின்னழுத்த வேறுபாடு நிலைக்கிறது. இது அற்பம் என்று தோன்றும். ஆனால் மின்புலம் என்பது அழுத்தத்தைத் தூரத்தால் வகுத்து வருவது. 0.15 வோல்ட்டை 5 நானோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். மீட்டருக்கு 3 கோடி வோல்ட்! காற்று மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட்டிலேயே தீப்பொறி விட்டு முறிந்துவிடும். அதைப்போல் பத்து மடங்கு மின்புலத்தை இந்த மெல்லிய கொழுப்புச் சுவர் தாங்கி நிற்கிறது.

வெளியே தள்ளப்பட்ட புரோட்டான்கள் திரும்ப உள்ளே பாயத் துடிக்கும். அந்தப் பாய்ச்சலைக் கொண்டே பல பாக்டீரியாக்கள் ஏ.டி.பி. என்ற ஆற்றல் நாணயத்தை அச்சிடுகின்றன. உணவுப் பொருள்களை உள்ளே இழுப்பதும் பெரும்பாலும் அதனால்தான். அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையத்தில் அழுத்தம் மிகுந்த நீராவி டர்பைனைச் சுழற்றுவது போலவே, இங்கே புரோட்டான் ஓட்டம் சவ்வில் பதிந்த ஒரு மூலக்கூறு மோட்டாரை உண்மையிலேயே சுழற்றுகிறது. கொதிகலன் குழாயில் ஒழுகல் ஏற்பட்டால் என்ன ஆகும்? நிலக்கரி இருந்தும் மின்சாரம் இராது.

தைமால் செய்வது அந்த ஒழுகலைத்தான். அது தண்ணீரை விட எண்ணெய் போன்ற கரைப்பானில் சுமார் இரண்டாயிரம் மடங்கு விரும்பிக் கரையும். ஆகவே தண்ணீரில் திரியும் தைமால் மூலக்கூறுகள் பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வைக் கண்டதும் அதில் போய்க் குவிகின்றன. நெருங்கி நின்ற கொழுப்பு மூலக்கூறுகளை விலக்கி, சவ்வை நெகிழச் செய்கின்றன. பொட்டாசியம் அயனிகள் வெளியே கசிகின்றன. புரோட்டான்கள் உள்ளே கசிகின்றன. நெதர்லாந்தில் உல்டீ என்பவரும் அவர் குழுவினரும், பழைய சோற்றைக் கெடுக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவில் கார்வக்ராலை இட்டு இதை அளந்து 1999-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சவ்வின் மின்னழுத்தம் வீழ்ந்தது, ஏ.டி.பி. வற்றியது, பொட்டாசியம் வெளியேறியது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருப்பவனுக்குத் துடுப்புப் போட நேரம் ஏது? பாக்டீரியாவின் கதியும் அதுவே.

கிண்ணம் வேறு, குடல் வேறு

இவ்வளவும் ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் நடப்பவை. கோழிக் குடலிலும் இப்படியே நடக்கும் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு கிலோ தீவனத்துக்கு 100 மில்லிகிராம் தைமால் என்பது சோதனைகளில் காணப்படும் ஓர் அளவு. பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கோழி தன் வாழ்நாளில் சுமார் மூன்றரைக் கிலோ தீவனம் தின்னும். அப்படியானால் அது பெறும் தைமால் மொத்தமே கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு டன் தீவனத்துக்கு 100 கிராம் தைமால் வேண்டும். ஓமத்தில் 2 முதல் 4 விழுக்காடு எண்ணெய், அதில் பாதி தைமால் என்று கொண்டால், அதற்கு 5 முதல் 10 கிலோ ஓமம் தேவை. கிண்ணத்தில் பாக்டீரியாவை அடக்கப் பல வேளைகளில் இதைவிட அதிகச் செறிவு வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, தீவனத்திலுள்ள கொழுப்போ பாக்டீரியாவின் சவ்வைப் போலவே தைமாலைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது!

இன்னும் இரண்டு தடைகள் இருக்கின்றன. முதலாவது ஆவியாதல். தீவனத்தைக் குச்சியாக்கும் ஆலையில் நீராவி பாய்ச்சிச் சுமார் 80 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். வாசனை எண்ணெயில் ஒரு பகுதி அங்கேயே காற்றில் கலந்துவிடும். ஆலை மணக்கும், தீவனத்தில் குறையும். இரண்டாவது உறிஞ்சப்படுதல். பன்றிக்குட்டிகளில் செய்த ஆய்வுகளில், வெறுமனே கலந்து கொடுத்த தைமால் போன்றவை இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே இரத்தத்தில் சேர்ந்துவிடுவது தெரிந்தது. தொல்லை தரும் பாக்டீரியாக்கள் மிகுந்திருப்பதோ குடலின் கீழ்ப்பகுதியில். வண்ணாரப்பேட்டைக்குப் போக வேண்டிய தபால் எண்ணூரிலேயே பட்டுவாடா ஆனதுபோல் ஆயிற்று கதை.

இதற்கு ஒரு வழி கண்டார்கள். எண்ணெயை நுண்ணிய மணிகளாக்கி, அவற்றின் மேல் கெட்டிக் கொழுப்புப் பூச்சுப் பூசுவது. வெப்பத்தில் ஆவியாதல் குறைகிறது. வயிற்றைக் கடந்து சிறுகுடலை அடைந்தபின், கொழுப்பைச் செரிக்கும் நொதி பூச்சைச் சிறிது சிறிதாகக் கரைக்க, எண்ணெய் உரிய இடத்தில் வெளிவருகிறது.

சோதனைகள் சொல்வது என்ன?

போலந்தில் யாம்ரோஸ் என்பவரின் குழு, கார்வக்ரால், சின்னமால்டிஹைடு, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் மூன்றையும் கலந்து கறிக்கோழிகளுக்குக் கொடுத்து 2005-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. குடலில் ஈ. கோலையும் கிளாஸ்ட்ரிடியமும் குறைந்தன. பின்னர், குடல் சுவரைக் காக்கும் சளிப்படலம் தடித்திருப்பதையும் அவர்கள் கண்டார்கள். மிளகாய் தின்ற கோழிக்குக் காரம் எரியாதா என்று கேட்பீர்கள். எரியாது. நம் நாக்கில் காரத்தை உணரும் ஏற்பி பறவைகளிடம் கேப்சைசினைக் கண்டுகொள்வதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தை ரசித்துத் தின்னும் இரகசியம் இதுவே.

மறுபுறம், நெதர்லாந்தில் 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தைமாலோ சின்னமால்டிஹைடோ கோழிகளின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காட்டவில்லை. இப்படிப் பல நாடுகளில் நடந்த சோதனைகளில் சிலவற்றில் குடலுறிஞ்சிகள் உயர்ந்தன, எடை சிறிது கூடியது. சிலவற்றில் ஒன்றும் நிகழவில்லை. சுத்தமான கூண்டில், நோயின்றி, நல்ல தீவனத்தோடு வளரும் கோழியின் குடலில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? குறை இருக்கும் இடத்தில்தான் மருந்தின் நிறை தெரியும். எண்ணெயின் தரமும் ஒரு காரணம். விளைந்த மண், அறுவடைக் காலம், வடித்த முறை இவற்றுக்கேற்ப ஓம எண்ணெயில் தைமாலின் அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, வாசனை எண்ணெய் நுண்ணுயிர்க்கொல்லிக்கு நேர் மாற்று அன்று. குடலுக்கு ஒரு சிறு துணை. உலர்ந்த ஆழ்கூளம், நெருக்கமில்லாத இடம், காற்றோட்டம், தடுப்பூசி, மிதமான புரதம் ஆகியவை முதல் வரிசையில் நிற்க வேண்டும். எண்ணெய் அவற்றுக்குப் பின்னே வரலாம். இயற்கைப் பொருள் என்பதாலேயே அது தீங்கற்றது என்றும் சொல்லிவிட முடியாது. அளவு மீறினால் தைமால் கோழியின் உயிரணுச் சவ்வையும் விட்டுவைக்காது. பாக்டீரியாக்கள் தங்கள் சவ்வின் கொழுப்பை மாற்றி எண்ணெயையும் ஓரளவு தாங்கப் பழகக்கூடும். இவற்றை எல்லாம் அளந்து பார்க்க வேண்டியது அறிவியலின் கடமை. அத்தகைய அளவைகளுக்கான கால்நடை அறிவியல் நம் பக்கத்திலேயே வளர்ந்திருக்கிறது. வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. 1989-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

எண்ணெய் சவ்வைக் கசியச் செய்வதைக் கோழியும் பாக்டீரியாவும் இல்லாமலே பார்க்கலாம். ஒரு பீட்ரூட் போதும். அதன் சிவப்புச் சாயம் உயிரணுக்களுக்குள் சவ்வுகளால் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சவ்வு கெட்டால்தான் சாயம் வெளிவரும்.

பீட்ரூட்டை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி, வெட்டுவாயில் உள்ள சாயம் போகும்வரை பலமுறை கழுவுங்கள். நான்கு கண்ணாடி டம்ளர்களில் சம அளவு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. மூன்றாவதில் அதே இரண்டு சொட்டுச் சோப்புடன் பத்துச் சொட்டுக் கிராம்புத் தைலம், நன்றாகக் கலக்குங்கள். நான்காவதில் சுமார் 70 டிகிரி வெந்நீர். ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில் துண்டுகளைப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து நிறத்தை ஒப்பிடுங்கள். பள்ளியில் ஒளியுணர் மின்தடையும் மல்டிமீட்டரும் இருந்தால், டார்ச் ஒளியை டம்ளர் வழியே செலுத்தி, நிறத்தின் அடர்த்தியை எண்ணாகவே குறிக்கலாம். தைலம் தோலையும் கண்ணையும் எரிக்கும். ஆகவே ஆசிரியர் அருகில் இருக்கட்டும். அதை வாயில் வைக்க வேண்டா.

இரண்டாம் டம்ளர் எதற்கு என்று கேளுங்கள். தைலம் தண்ணீரில் கலக்காது. கலக்கச் சோப்பு வேண்டியிருக்கிறது. ஆனால் சோப்பும் சவ்வைக் கெடுக்கக் கூடியது. மூன்றாம் டம்ளர் சிவந்தால் அது சோப்பின் வேலையா, தைலத்தின் வேலையா? சோப்பு மட்டும் உள்ள இரண்டாம் டம்ளரோடு ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். கோழிப் பண்ணைச் சோதனையிலும் இதே விதிதான். எண்ணெய் கொடுத்த கூட்டமும் கொடுக்காத கூட்டமும், குஞ்சும் கூளமும் தண்ணீரும் வெப்பமும் ஒன்றாக இருக்க, பக்கத்துப் பக்கத்தில் வளர வேண்டும்.

‘மூலிகை எண்ணெயால் கோழி கொழுகொழுவென்று வளர்ந்தது’ என்று நாளை யாரேனும் உங்களிடம் சொன்னால், மறுக்கவும் வேண்டா, தலையாட்டவும் வேண்டா. ‘எதனோடு ஒப்பிட்டு?’ என்று மட்டும் கேளுங்கள்.